கே-1 வந்தால் என்ன செய்வது? பார்ட்னர்ஷிப் முதலீட்டின் லாப நஷ்டத்தை அமெரிக்க வரிக் கணக்கில் காட்டும் முறை

அமெரிக்காவில் சம்பள வேலையில் இருப்பவருக்கு வரித் தாக்கல் பெரிய தலைவலி இல்லை. சம்பள விவரம் சொல்லும் டபிள்யூ-2 வரும், வங்கியிலிருந்தும் தரகு நிறுவனத்திலிருந்தும் வட்டி, டிவிடெண்ட் விவரம் சொல்லும் 1099 வரும், மென்பொருளில் எண்களைத் தட்டினால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். சிக்கல் தொடங்குவது, தெரிந்தவர் சேர்த்துவிட்டார் என்று ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தில் பணம் போட்ட பிறகுதான். அல்லது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தொகை வருகிறதே என்று எண்ணெய்க் குழாய் நிறுவனம் ஒன்றின் யூனிட்டுகளை வாங்கிய பிறகு. அடுத்த ஆண்டு 1099 வர வேண்டிய இடத்தில் கே-1 என்று ஒரு தாள் வரும். அதில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள், பின்னால் பக்கம் பக்கமாக இணைப்புகள்.

பணம் மட்டும் போட்டு, நிர்வாகத்தில் கை வைக்காத சிறு பங்குதாரர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையையோ கிளினிக்கையோ பார்ட்னராகச் சேர்ந்து நடத்துபவர்களுக்கு விதிகள் கொஞ்சம் வேறு. அவர்கள் சுயதொழில் வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே-1இல் இருக்கும் எண் வேறு, உங்கள் வரிக் கணக்கில் போய் உட்காரும் எண் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை பார்ட்னர்ஷிப் உங்களுக்காக வைத்துத் தராது, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸும் தராது. நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைக்குப் பணம் வந்ததா என்பது வேறு கேள்வி

பார்ட்னர்ஷிப் தன் பெயரில் மத்திய வருமான வரி கட்டுவதில்லை. ஆண்டுக் கணக்கை 1065 என்ற படிவத்தில் ஐ.ஆர்.எஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு, லாபமானாலும் நஷ்டமானாலும் பங்குதாரர்களுக்குப் பிரித்துவிடும். உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லும் தாள்தான் ஷெட்யூல் கே-1. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் எல்எல்சி என்ற வகை நிறுவனமும், கார்ப்பரேஷனாக வரி கட்டுகிறேன் என்று தனியாகத் தேர்ந்தெடுக்காத வரை, வரிக் கண்ணில் பார்ட்னர்ஷிப்தான். பலரிடம் பணம் திரட்டிக் கட்டடம் வாங்கும், சிண்டிகேஷன் என்ற பெயரில் விற்கப்படும் ரியல் எஸ்டேட் முதலீடுகள் பெரும்பாலும் இந்த வகை.

ஆகவே, உங்கள் பங்குக்கு 8,000 டாலர் லாபம் என்று கே-1 சொன்னால், அதில் ஒரு காசு கூட உங்கள் வங்கிக் கணக்குக்கு வராமல் இருந்தாலும் அது உங்கள் வருமானம்தான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: ஆண்டு முழுக்கக் காசோலை வந்திருக்கும், ஆனால் கே-1 நஷ்டம் காட்டும். கட்டடத் தேய்மானம் காகிதத்தில் நஷ்டத்தை உண்டாக்கும். வாடகைப் பணமோ வந்துகொண்டேதான் இருக்கும். கட்டம் 19இல் இருப்பது உங்களுக்குக் கொடுத்த தொகை. புதிதாக வருபவர்கள் அதை வருமானம் என்று நினைத்துக் கணக்கில் சேர்த்துவிடுவது உண்டு. உங்கள் அடக்கக் கணக்கைத் தாண்டாத வரை அந்தத் தொகைக்கு வரி இல்லை. அடக்கக் கணக்கு என்னவென்று கீழே வருகிறது.

தேதிகள்: அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள்

ஜனவரி-டிசம்பர் கணக்கு வைத்திருக்கும் பார்ட்னர்ஷிப், மார்ச் 15க்குள் கே-1 கொடுத்தாக வேண்டும். ஆனால் ஆறு மாத நீட்டிப்பு கேட்டு வாங்கலாம். அப்போது கெடு செப்டம்பர் 15. ரியல் எஸ்டேட் சிண்டிகேஷன்களிலும் தனியார் முதலீட்டு நிதிகளிலும் நீட்டிப்பு வாங்குவது சர்வசாதாரணம். உங்கள் கெடுவோ ஏப்ரல் 15.

இதற்கு வழி, நீங்களும் 4868 படிவம் மூலம் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்குவதுதான். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கேட்டாலே கிடைக்கும். ஆனால் அந்த நீட்டிப்பு படிவம் தருவதற்கு மட்டுமே, பணம் கட்டுவதற்கு இல்லை. கட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றும் தொகையை ஏப்ரல் 15க்குள் கட்டிவிடுங்கள். எவ்வளவு என்று தெரியாதபோது, பார்ட்னர்ஷிப்பில் முதலீட்டாளர் தொடர்பைக் கவனிப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உத்தேசக் கணக்கு கேட்கலாம். பல நிறுவனங்கள் மார்ச் மாதத்திலேயே உத்தேச எண் அனுப்பிவிடுகின்றன.

கே-1 இல்லாமல் முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். ரீஃபண்ட் சீக்கிரம் வேண்டும் என்பதைத் தவிர அதற்கு நியாயம் இல்லை. வரவேண்டிய தாள் வரவில்லை என்று தெரிந்தே முழுமையான கணக்கு என்று கையெழுத்துப் போடுவது சரியல்ல. மாநிலக் கணக்கையும் இரண்டு முறை செய்ய நேரும்.

தாளின் இடது பக்கம்

எல்லோரும் நேராக வலது பக்க எண்களுக்குப் போய்விடுவார்கள். முதலில் இடது பக்கத்தைப் பாருங்கள். பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் சரியா? தம்பதி சேர்ந்து போட்ட பணமா, ஒருவர் பெயரில் மட்டும் போட்டதா? மேலே ‘ஃபைனல் கே-1’ என்ற பெட்டியில் குறி இருக்கிறதா? இருந்தால், அந்த பார்ட்னர்ஷிப்பில் உங்கள் கணக்கு முடிந்துவிட்டது என்று பொருள்; முந்தைய ஆண்டுகளில் கழிக்க முடியாமல் நிறுத்தி வைத்த நஷ்டம் வெளியே வரும் ஆண்டு அதுதான்.

பகுதி டி-யில் குறி இருந்தால் அது பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படும் பார்ட்னர்ஷிப். அதற்குத் தனி விதி, பின்னால் வருகிறது. ஜி-யில் ‘லிமிடெட் பார்ட்னர்’ (நிர்வாகத்தில் கை வைக்காத பங்குதாரர்) என்று இருக்கிறதா பாருங்கள். இடது பக்கத்தின் கே எழுத்துக்கு நேராக, பார்ட்னர்ஷிப் வாங்கிய கடனில் உங்கள் பங்கு மூன்று வகையாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கும். எல் பகுதியில் மூலதனக் கணக்கு: ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு, போட்டது எவ்வளவு, லாப நஷ்டம் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, ஆண்டுக் கடைசியில் எவ்வளவு. தொடக்க எண் சென்ற ஆண்டின் முடிவு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அப்போதே கேளுங்கள்.

வலது பக்கம்: எது எங்கே போகும்

சிறு முதலீட்டாளருக்கு அநேகமாக ஆறேழு கட்டங்கள்தான் நிரம்பியிருக்கும். கட்டம் 1 சாதாரண வியாபார லாபம் அல்லது நஷ்டம், கட்டம் 2 வாடகைக் கட்டடத்தின் லாபம் அல்லது நஷ்டம். இவை ஷெட்யூல் ஈ-யின் இரண்டாம் பக்கத்துக்குப் போகின்றன. அங்கே 28ஆம் வரிசையில் பார்ட்னர்ஷிப்பின் பெயர், ‘பி’ என்ற எழுத்து, அதன் வரி அடையாள எண் எல்லாம் போட்டு, பாஸிவ் (நீங்கள் உழைத்துப் பங்கெடுக்காத வியாபாரத்தின்) வருமானமா, பாஸிவ் நஷ்டமா, அல்லாததா என்று தனித்தனி நிரலில் எண் போட வேண்டும். மொத்தம் ஷெட்யூல் 1 வழியாக உங்கள் முக்கிய வரிப் படிவமான 1040க்கு வந்து சேரும்.

கட்டம் 5 வட்டி, 6ஏ டிவிடெண்ட், 6பி அதில் குறைந்த வரி விகிதத்துக்குத் தகுதியான பகுதி. இவை வங்கி வட்டியும் பங்கு டிவிடெண்டும் போகும் அதே இடத்துக்குத்தான் போகும். வட்டியோ டிவிடெண்டோ ஏதேனும் ஒன்றின் மொத்தம் 1,500 டாலரைத் தாண்டினால் ஷெட்யூல் பி-யும் வேண்டும். கட்டம் 8 குறுகிய கால மூலதன ஆதாயம், 9ஏ நீண்ட கால ஆதாயம். இரண்டும் ஷெட்யூல் டி-க்கு. கட்டடம் விற்ற ஆண்டில் கட்டம் 10இல் பெரிய எண் வரும். அது 4797 படிவத்துக்கு. அதோடு 9சி-யிலும் ஓர் எண் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். கட்டடத் தேய்மானமாக முன்பு கழித்ததற்கு ஈடாக வரும் ஆதாயம் அது. அதற்கு வரி 25 சதவீதம் வரை போகலாம்.

கட்டம் 20 பெரிய பெட்டி. ஏ, பி என்று தொடங்கி எழுத்துக் குறிகளோடு இருக்கும். அதில் இசட் குறி இருந்தால், தகுதியான வியாபார வருமானத்தில் 20 சதவீதம் வரை கழிக்கும் சலுகைக்கான விவரம் இணைப்பில் இருக்கும்; அது 8995 படிவத்துக்குப் போகும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இந்தச் சலுகை 2025 கடைசியோடு முடிவதாக இருந்தது. 2025இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. கட்டம் 21இல் வெளிநாட்டு வரி இருந்தால் அதற்கும் கிரெடிட் உண்டு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டம் 5, 6இல் வரும் வட்டியும் டிவிடெண்டும் முதலீட்டு வருமானம்; அவை பாஸிவ் வருமானம் அல்ல. பேச்சு வழக்கில் ‘பாஸிவ் இன்கம்’ என்றால் உழைக்காமல் வருவது எல்லாமும் அடங்கும். வரிச் சட்டத்தில் அப்படி இல்லை. அதனால், வாடகை பார்ட்னர்ஷிப்பின் நஷ்டத்தைக் கொண்டு வங்கி வட்டியையோ பங்கு டிவிடெண்டையோ சரிக்கட்ட முடியாது.

தனியார் முதலீட்டு நிதிகளின் கே-1இல் நிர்வாகக் கட்டணம் ‘முதலீட்டுச் செலவு’ என்று காட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்க ஆசைப்பட வேண்டாம். 2018 முதல் தனிநபருக்கு அந்தக் கழிவு இல்லை. 2025 சட்டம் அந்தக் கதவையும் நிரந்தரமாகச் சாத்திவிட்டது.

நஷ்டம் கடக்க வேண்டிய நான்கு வாசல்கள்

சிண்டிகேஷனில் சேர்க்கும்போது ‘முதல் ஆண்டிலேயே பெரிய நஷ்டம் காட்டும், வரி மிச்சம்’ என்று சொல்வார்கள். நஷ்டம் காட்டுவது உண்மை. கட்டடத்தைப் பிரித்துப் பார்த்து, தரைவிரிப்பு, சமையலறைச் சாதனங்கள், வேலி, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றைக் குறைந்த ஆயுள் கொண்டவையாக வகைப்படுத்தி, அவற்றின் தேய்மானத்தை முதல் ஆண்டிலேயே கழித்துவிடுகிறார்கள். இந்த போனஸ் தேய்மானம் 2022 வரை 100 சதவீதம் இருந்து, 2023இல் 80, 2024இல் 60 என்று இறங்கியது; 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு மறுபடியும் 100 ஆகிவிட்டது. ஆனால் அந்த நஷ்டம் உங்கள் சம்பளத்தைக் குறைக்குமா? சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் குறைக்காது. ஏன் என்று பார்க்க இந்த நான்கு வாசல்களையும் வரிசையாகக் கடக்க வேண்டும்.

முதல் வாசல் அடக்கக் கணக்கு, பேசிஸ் என்பார்கள். நீங்கள் போட்ட பணம், அதோடு உங்கள் பங்குக்கு வந்த லாபம், பார்ட்னர்ஷிப் கடனில் உங்கள் பங்கு எல்லாம் சேரும். எடுத்த பணமும் நஷ்டமும் கழியும். இதற்கு மேல் நஷ்டம் கழிக்க முடியாது.

இரண்டாவது, உண்மையில் உங்களுக்கு ஆபத்தில் இருக்கும் பணம் எவ்வளவு என்ற கணக்கு. சொத்தை மட்டும் ஈடாக வைத்து, பங்குதாரர் யாரும் சொந்தப் பொறுப்பு ஏற்காத கடனை இங்கே சேர்க்க முடியாது. ஆனால் ரியல் எஸ்டேட்டுக்கு விலக்கு உண்டு: வங்கி போன்ற முறையான கடன்தாரரிடம் கட்டடத்தின் பேரில் வாங்கிய கடன் சேரும். கே பகுதியில் அதற்கென்றே தனி வரிசை இருப்பது இதனால்தான்.

மூன்றாவது வாசலில்தான் சம்பளக்காரர்கள் நின்றுபோகிறார்கள். 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த விதி இது. டாக்டர்களும் வக்கீல்களும் காகித நஷ்டம் காட்டும் கூட்டுகளில் பணம் போட்டு, தொழில் வருமானத்துக்கு வரி கட்டாமல் தப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அதன்படி, நீங்கள் உழைத்துப் பங்கெடுக்காத வியாபாரத்தின் நஷ்டத்தை, அதே மாதிரியான பாஸிவ் வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். மீதி காலாவதி ஆகாமல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதற்கான படிவம் 8582.

வாடகை நஷ்டத்தில் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழிக்கலாம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது சொந்தமாக வீடு வாங்கி, வாடகைதாரரை முடிவு செய்வது போன்ற நிர்வாகத்தில் பங்கெடுப்பவருக்கு. வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் குறைய ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் இல்லாமல் போய்விடும். லிமிடெட் பார்ட்னருக்கு அது பொருந்தாது. அதே போல, மனைவியோ கணவரோ ரியல் எஸ்டேட் உரிமம் எடுத்துவிட்டால் எல்லா நஷ்டமும் கழியும் என்ற பேச்சும் நம்மவர் நடுவில் உலவுகிறது. உரிமம் மட்டும் போதாது. அந்தத் துறையில் ஆண்டுக்கு 750 மணி நேரத்துக்கு மேல், அதுவும் தன் மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் குறிப்பிட்ட அந்த வாடகைத் தொழிலில் பங்கெடுத்ததைக் காட்ட வேண்டும். பணம் மட்டும் அனுப்பிய ஒரு வளாகத்தில் அதைக் காட்டுவது கடினம். மணிக்கணக்கு நாட்குறிப்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

நான்காவது வாசல், லட்சக்கணக்கில் வியாபார நஷ்டம் காட்டுபவர்களுக்கு. 2025க்கு தனிநபருக்கு 3,13,000 டாலர், தம்பதிக்கு 6,26,000 டாலர் என்ற உச்சவரம்பு. மூன்றாவது வாசலிலேயே நின்றுவிட்டவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒருவர் 50,000 டாலர் போடுகிறார். கடனில் அவர் பங்கு 90,000. முதல் ஆண்டு கட்டம் 2இல் 20,000 நஷ்டம், கட்டம் 19இல் 2,500 கொடுத்தது. அடக்கக் கணக்கு 1,40,000இல் தொடங்கி, 2,500ம் 20,000ம் கழிந்து 1,17,500 ஆகிறது. முதல் இரண்டு வாசல்களிலும் தடை இல்லை. மூன்றாவதில், அவருக்கு வேறு பாஸிவ் வருமானம் கிடையாது. ஆகவே 20,000மும் அப்படியே நிற்கிறது. ஷெட்யூல் ஈ-யில் அனுமதிக்கப்பட்ட நஷ்டம் பூஜ்யம். கையில் வாங்கிய 2,500க்கும் வரி இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது: நஷ்டத்தை இன்னும் பயன்படுத்தவில்லை என்றாலும் அடக்கக் கணக்கிலிருந்து அது ஏற்கெனவே கழிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டு அவருக்கு வேறொரு சந்தைசாரா பார்ட்னர்ஷிப்பிலிருந்து 6,000 டாலர் பாஸிவ் லாபம் வருகிறது. நிற்கும் 20,000இல் 6,000 அதைச் சரிக்கட்டிவிடும், மீதி 14,000. இரண்டு முதல் நான்காம் ஆண்டு வரை இந்த வளாகத்தில் மொத்தம் இன்னொரு 6,000 நஷ்டம், 7,500 கொடுத்தது. நிற்கும் நஷ்டம் மறுபடி 20,000. கடனை விட்டுவிட்டுப் பார்த்தால் மூலதனக் கணக்கு 14,000.

ஐந்தாம் ஆண்டு வளாகத்தை விற்கிறார்கள். கடனை அடைத்த பிறகு அவருக்கு 59,000 கிடைக்கிறது. கே-1 45,000 ஆதாயம் காட்டுகிறது. போட்டது 50,000, திரும்பி வந்தது 69,000, லாபம் 19,000தானே, 45,000க்கு எங்கிருந்து ஆதாயம் வந்தது என்று பதறுவார். முன்பு காட்டிய 26,000 நஷ்டம்தான் திரும்பி வந்திருக்கிறது. 45,000இல் 26,000ஐக் கழித்தால் 19,000. அதில் 6,000 ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது. மீதி 20,000ஐ இந்த ஆண்டு கழித்து, 25,000க்கு வரி கட்டுவார். அந்த 20,000ஐ எங்கும் குறித்து வைக்காமல் விட்டிருந்தால் முழு 45,000க்கும் வரி கட்டியிருப்பார்.

நடைமுறையில் விற்பனை நவம்பரில் நடந்து, எல்எல்சியை மூடுவது அடுத்த ஆண்டுக்குப் போகலாம். அப்போது ஆதாயம் ஒரு கே-1இலும், ‘ஃபைனல்’ குறி அடுத்த கே-1இலும் வரும். பயம் வேண்டாம்: விற்ற ஆதாயமும் பாஸிவ் என்பதால் நிற்கும் நஷ்டம் அதைச் சரிக்கட்டும், அதற்கு மேலும் மிச்சம் இருந்தால், முழுதாக வெளியேறும் ஆண்டில் சம்பளம் உட்பட எந்த வருமானத்திலும் கழிக்கலாம்.

இந்த நஷ்டம் காணாமல் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மென்பொருளையோ கணக்காளரையோ மாற்றும்போது. பழைய மென்பொருளின் 8582இல் அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டிய நஷ்ட எண் புதியதற்கு வந்து சேராது. அதனால் ஒவ்வொரு பார்ட்னர்ஷிப்புக்கும் ஒரு எக்செல் பக்கம் வையுங்கள். ஆண்டு, போட்டது, எடுத்தது, லாப நஷ்டம், கடன் பங்கு, நிறுத்தி வைத்த நஷ்டம் என்ற நிரல்கள் போதும். ஆண்டுக்குப் பத்து நிமிட வேலை. கே-1களை முதலீடு முடிந்த பிறகும் சில ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். தாக்கலோடு கே-1ஐப் பொதுவாக இணைத்து அனுப்ப வேண்டியதில்லை, ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் பார்ட்னர்ஷிப்பே ஒரு நகல் அனுப்பிவிடும்.

சந்தையில் வாங்கிய யூனிட்டுகள்

எண்டர்பிரைஸ் புராடக்ட்ஸ், எனர்ஜி டிரான்ஸ்ஃபர் போன்ற குழாய் நிறுவனங்கள், யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆயில் ஃபண்ட் போன்ற சில சரக்கு நிதிகள் — இவற்றைச் சாதாரணப் பங்கு போலவே ஒரு சொடுக்கில் வாங்கலாம். ஆனால் வருவது கே-1. இவற்றின் நஷ்டம் 8582க்குள் போகாது. யூனிட்டுகள் முழுவதையும் விற்கும் வரை, ஒரு நிறுவனத்தின் நஷ்டம் அதே நிறுவனத்தின் பின்னாள் லாபத்தில் மட்டுமே கழியும். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு சேர்க்கக் கூடாது.

விற்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தரகு நிறுவனத்தின் 1099-பி-யில் இருக்கும் அடக்கவிலை, நீங்கள் வாங்கிய விலை. நடுவில் கே-1 செய்த மாற்றங்கள் அதில் இருக்காது. பல ஆண்டுகளாகக் கைக்கு வந்த தொகை அடக்கவிலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கும். கே-1 கட்டோடு வரும் விற்பனைத் தாளில் சரியான திருத்தமும், ஆதாயத்தில் எவ்வளவு சாதாரண வருமானம் என்பதும் இருக்கும். சாதாரண வருமானப் பகுதி 4797க்கு, மீதி 8949க்கு. 1099-பி எண்ணை அப்படியே போட்டுவிட்டு, சாதாரண வருமானத்தையும் தனியாகச் சேர்த்தால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள்.

ஐந்து யூனிட், பத்து யூனிட் வைத்துக்கொண்டு இந்தப் பாடு தேவையா என்றால், தேவையில்லை என்பேன். ஓய்வுக்கால ஐஆர்ஏ கணக்கில் வாங்கினால் கே-1 உங்கள் 1040க்கு வராது என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்குக்குள் வியாபார வருமானம் 1,000 டாலருக்கு மேல் போனால் ஐஆர்ஏ-வே 990-டி படிவம் தந்து வரி கட்ட வேண்டிவரும்.

மாநிலம்

வளாகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கும் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா போன்ற இடங்களில் உண்டு. சில பார்ட்னர்ஷிப்கள் எல்லாப் பங்குதாரர்கள் சார்பிலும் சேர்த்து ஒரே தாக்கலாகச் செய்துவிடும்; அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். நஷ்ட ஆண்டில் அந்த மாநிலத்தில் தாக்கல் கட்டாயமில்லாமல் இருந்தாலும், தாக்கல் செய்து நஷ்டத்தைப் பதிந்து வைத்தால் விற்கும் ஆண்டில் உதவும். கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்த மாநிலம் போனஸ் தேய்மானத்தை ஏற்பதில்லை. ஆகவே நிறுத்தி வைத்த நஷ்டம் மத்தியக் கணக்கில் ஓர் எண், மாநிலக் கணக்கில் வேறோர் எண்.

ஊரில் குடும்ப ஃபர்ம் இருந்தால்

அப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் ஜவுளிக் கடையிலோ ரைஸ் மில்லிலோ உங்கள் பெயரும் பார்ட்னராக இருக்கலாம். இந்தியாவில் ஃபர்மே 30 சதவீத வரி கட்டிவிடுவதால் பார்ட்னரின் லாபப் பங்குக்கு அங்கே வரி இல்லை. அதனால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், அல்லது வரி நோக்கில் இங்கே வசிப்பவர் என்று ஆகிவிட்டால், உலகில் எங்கே வந்த வருமானமும் அமெரிக்காவில் கணக்குக்கு வரும். கே-1 வராது, நீங்களே ஃபர்மின் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பங்கின் அளவையும் மற்ற பங்குதாரர்கள் யார் என்பதையும் பொறுத்து 8865 படிவமும் தர வேண்டியிருக்கலாம். தராவிட்டால் அபராதம் 10,000 டாலரில் தொடங்குகிறது. அதுவே எல்எல்பி-யாக இருந்தால் நிலைமை மாறுகிறது: எல்லாப் பங்குதாரர்களுக்கும் பொறுப்பு வரையறுக்கப்பட்டிருப்பதால், வேறு விதமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அமெரிக்கச் சட்டம் அதைக் கார்ப்பரேஷனாகப் பார்க்கும், படிவங்களும் வேறு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொந்தமாக முயல வேண்டாம். இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் போங்கள்.

மென்பொருளில் போடும்போது

கட்டம் 1, 2, 3இல் ஒன்றுக்கு மேற்பட்டவை நிரம்பியிருந்தால், டர்போடாக்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒரே கே-1ஐ இரண்டு கே-1களாகப் பிரித்துப் போட வேண்டும். வியாபாரம் ஒன்று, வாடகை ஒன்று. இணைப்பில் இருக்கும் விவரங்களையும் விடாமல் போடுங்கள். ‘எஸ்டிஎம்டி’ என்று கட்டத்தில் இருந்தால் எண் பின் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். முடித்ததும் 8582ஐத் திறந்து, நிறுத்தி வைத்த நஷ்டம் உங்கள் எக்செல் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தம்பதி வருமானம் 2.5 லட்சம் டாலரையோ தனிநபர் வருமானம் 2 லட்சத்தையோ தாண்டினால், நிகர முதலீட்டு வருமானத்துக்கு 3.8 சதவீதம் கூடுதல் வரிக்கான 8960 படிவமும் வந்திருக்க வேண்டும்.

கே-1இல் தவறு இருப்பதாகத் தெரிந்தால், உங்களுக்குச் சரி என்று தோன்றும் எண்ணை நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். ஐ.ஆர்.எஸ்ஸிடம் இருக்கும் நகலோடு அது மோதும். திருத்திய கே-1 கேட்டு பார்ட்னர்ஷிப்புக்கு எழுத்தில் எழுதுங்கள். கெடுவுக்குள் வராவிட்டால், நான் வேறு எண் காட்டுகிறேன், காரணம் இது என்று சொல்லும் 8082 படிவத்தை இணைத்துத் தாக்கல் செய்யலாம்.